மூளிக் காதோடு மூன்று மாதம்

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கவரிங் நகைக் கடை. அதில் இருபத்திரண்டு வருஷமாக நான் கம்மல் கவுண்டரில் நிற்கிறேன். நின்றேன் என்று சொல்ல வேண்டும், வாய்க்கு இன்னும் பழகவில்லை.

எங்கள் கடையில் வளையலைக் கையில் போட்டுப் பார்க்கலாம், நெக்லஸைக் கழுத்தில் வைத்துப் பார்க்கலாம். கம்மலை மட்டும் வாங்க வருகிறவர்களைப் போட்டுப் பார்க்க விட மாட்டோம். ஒருத்தர் காதில் போட்டதை இன்னொருத்தர் போட்டால் சீழ் வைத்துவிடும், அப்புறம் சண்டைக்கு வருவார்கள் என்று பெரிய முதலாளி வைத்த வழக்கம் அது. அதனால் விற்கிறவளே தன் காதில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டி முடித்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அட்டையில் திரும்பக் குத்தி வைப்போம். என் காது மட்டும் யார் காதிலும் சேர்த்தி இல்லையா என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

முகூர்த்த நாட்களில் நாற்பது ஜோடி வரைக்கும் போட்டுக் கழற்றியிருப்பேன். குடை ஜிமிக்கி, அடுக்கு ஜிமிக்கி, கல் தோடு, தோளைத் தொடுகிற வட்டங்கள். எல்லாம் முலாம்தான், கனம் மட்டும் நிஜம். கல்யாணமான புதிதில் கடுகு போல இருந்த துளை மெல்ல மெல்ல இறங்கி நீளக் கோடாகிவிட்டது. வலது காதில் இன்னும் ஒரு நூல் அளவுதான் சதை பாக்கி. அது அறுந்தால் காது இரண்டாகப் பிளந்து தொங்கும். நான் அதைப் பார்க்காமலே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். தலை வாரும்போது வகிடைப் பார்ப்பேன், பொட்டு வைக்கும்போது நெற்றியைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போன வருஷம் பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். மகன் வந்து உட்கார்ந்தார். கடைக்குப் புது விளக்கு போட்டார், சுவரெல்லாம் கண்ணாடி வைத்தார். அந்த வெளிச்சத்தில் கவரிங் தங்கம் மாதிரி மின்னியது. நான்தான் கறுத்துப் போய்த் தெரிந்தேன். ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க காதுல போட்டா ஜிமிக்கி கீழ பாக்குது. கல்லு தெரிய மாட்டேங்குது.”

“இத்தனை நாள் இந்தக் காதுலதான தம்பி வித்தேன்?”

“இல்லைன்னு சொல்லலைக்கா. மேல ஆன்லைன் பேக்கிங் இருக்கு. உக்காந்தே பாக்கலாம், உங்களுக்கும் கால் வலி இல்லாம இருக்கும். ஆடி முடியட்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு யார் யார் எங்க நிக்கறதுன்னு பாத்துக்கலாம்.”

என் கால் வலிமேல் அவருக்கு இவ்வளவு அக்கறை என்று அன்றுதான் தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மாடிக்குப் போனால் விற்பனைக்கு வருகிற இன்சென்டிவ் நின்றுவிடும். என் மகள் கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். அதைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். ஆனால் தன் கல்யாணத்துக்கு என்னிடம் ஜிமிக்கி வாங்கினவள், இன்று மகள் சடங்குக்கு வந்து “அந்தக்கா எங்க?” என்று கேட்டுக்கொண்டு நேராக என் கவுண்டருக்கு வருவாள். என்னை யாராவது தேடி வருகிற இடம் உலகத்திலேயே அந்த மூன்றடிக் கண்ணாடி மேசை ஒன்றுதான். அதை விட எனக்கு மனசில்லை.

சரி, ஆடி மாசம் முழுக்க இருக்கிறது, ஆளை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஐம்பதுக்கு மேல் எப்படி அழகாக இருப்பது என்று போனில் ஒரு பெண் வீடியோ போடுகிறாள். காலையில் எழுந்ததும் உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்கிறாள். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கிற வீட்டில் ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கென்று எதை ஒதுக்குவது, குடத்தையா? அவள் சொன்ன சீரம், க்ரீம், சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடலை மாவும் தயிரும் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டே சாம்பார் தாளித்தேன். பாக்கெட் டை வாங்கி அடித்தேன். முதல் தடவை நெற்றி ஓரத்தில் கறுப்பு இறங்கி இரண்டு நாள் போகவில்லை. பித்த வெடிப்புக்குச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கின உப்புத்தாளைத் தேய்த்தேன். அது நன்றாகவே வேலை செய்தது, அந்த வீடியோக்காரிக்கு அது தெரியாது. தொளதொளத்த ரவிக்கைகளைப் பிரித்துக் கையாலேயே பிடித்துத் தைத்தேன். ராத்திரி படுக்கப் போகும்போது முதுகு விண் விண் என்று தெறிக்கும். அழகாவது என்பது இன்னொரு வேலை, அதுவும் சம்பளம் இல்லாத வேலை.

காதுக்குத்தான் வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போடுவார்கள், ஆனால் அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன். அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு அழகு நிலையம். வாசலில் ‘தையல் இல்லாமல் காது ஒட்டித் தரப்படும்’ என்று போர்டு. உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எத்தனை வருசமாக்கா இப்படி? ஒரு காது பண்றதா, ரெண்டா?”

“எவ்வளவு ஆகும்?”

“ஒரு காதுக்கு எழுநூறு. ரெண்டும் சேத்துப் பண்ணீங்கன்னா ஆயிரத்துக்கு முடிச்சுத் தரேன்.”

நானூறு ரூபாய் மிச்சம் என்று மனசு துள்ளியது. விற்கிற இடத்தில் நானே எத்தனை பேரிடம் இதே மாதிரி சொல்லியிருக்கிறேன், ஒரு ஜோடி எடுத்தால் இவ்வளவு, இரண்டு ஜோடி எடுத்தால் இவ்வளவு என்று. அவர்கள் விழுகிற மாதிரியே நானும் விழுந்தேன். பல் குத்துகிற குச்சியில் ஏதோ ஒரு மருந்தைத் தொட்டுத் துளையின் உள்பக்கம் தடவினாள். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல், கண்ணில் நீர் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காதையும் கொடுத்தேன். இரண்டுக்கும் பிளாஸ்டர் ஒட்டினாள். வாரம் ஒரு தடவையாக மூன்று தடவை வரச் சொன்னாள்.

“எப்பலேர்ந்து கம்மல் போடலாம்மா?”

“மூணு மாசம் ஒண்ணும் போடக் கூடாதுக்கா. அப்புறம் புதுசாக் குத்திக்கணும்.”

“மூணு மாசமா! ஆவணி முகூர்த்தத்துக்கு நான் போட்டாகணுமே!”

“ஓட்டையே இருக்காதேக்கா, எதுல போடுவீங்க?”

ஒட்டினால் துளை மூடும் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் என்ன நினைத்தேன் என்றால், கிழிந்த இடம் மட்டும் ஒட்டிக்கொண்டு, அந்தப் பழைய கடுகுத் துளை மேலே அப்படியே இருக்கும் என்று. ஒரு காதை மட்டும் ஒட்டியிருந்தாலாவது இன்னொரு காதை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டியிருப்பேன். நானூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு இரண்டையும் மூடிக்கொண்டேனே என்று சந்திலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கைலாசபுரம் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். முழங்கால் போனபிறகு ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, “காதுதான விடு, யாரு பாக்கப் போறா?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். “நாலு பேர் என் காதைப் பாக்கறதுக்குத்தான எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க” என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

மூன்றாவது வாரம் பிளாஸ்டரை எடுத்தாள். காது இரண்டும் மொழுமொழுவென்று, துளையே இல்லாமல் இருந்தது. சுமங்கலி காது மூளியாக இருந்தால் எங்கள் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. முதலில் பிடித்தது வீட்டுச் சொந்தக்கார மாமிதான். காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், மாமி பதறிப் போனாள்.

“பெருமாளே! என்னடியம்மா இது, காது மூளியா இருக்கு? ஆத்துக்காரர் நன்னா இருக்காரோன்னோ?”

“நல்லா இருக்கார் மாமி. உள்ள பல்லு தேய்ச்சிட்டிருக்கார்.”

“அப்போ ஒரு துளி எதையாவது ஒட்டிக்கோ. வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னால பாக்க முடியலை.”

ஒட்டிக்கொள் என்று மாமி சொன்னதில் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்கள் கடையிலேயே கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையாக விற்கிறோம். ஒரு வெள்ளைக்கல் பொட்டைப் பிய்த்துக் காதுமடலில் ஒட்டினேன். ஒற்றைக்கல் தோடு மாதிரியே இருந்தது. அட, இது தெரியாமல் போயிற்றே என்று சந்தோஷப்பட்டேன். பிளாஸ்டர் இருந்த வாரங்களில் காதை மறைத்துத் தலை வாரியிருந்தேன், ஆடியில் மிச்ச நாட்களை அந்தப் பொட்டை வைத்தே ஒப்பேற்றினேன். ஆடியில் கல்யாண வியாபாரம் இல்லை. தள்ளுபடியில் ஹேர்பின்னும் கொலுசும் வாங்குகிற கூட்டம்தான், கம்மலைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க ஆளில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டிச் சமாளித்துவிட்டேன். சின்ன முதலாளி ஒரு நாள் என்னைப் பார்த்து, “இப்ப நல்லா இருக்கீங்கக்கா, என்ன பண்ணீங்க?” என்றுகூடக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன். டை, கடலை மாவு, உப்புத்தாள், பொட்டு எல்லாம் சேர்ந்து காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம். ஜீயபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பையனின் அம்மா, பெண்ணின் அம்மா, கூட நான்கைந்து பேர். அன்று கடையில் முதல் போணி அவர்கள்தான். பெண்ணுக்கு மாற்று நகையாக முழு செட்டும் எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய வியாபாரம். வெல்வெட் தட்டை விரித்து அடுக்கு ஜிமிக்கி ஒன்றை எடுத்து என் காதருகில் பிடித்தேன்.

“போட்டுக் காட்டுங்கம்மா, அப்பத்தான தெரியும்” என்றார் பையனின் அம்மா.

“இந்த மாடல் பாருங்க, தொங்கல் எப்படி ஆடுது...” என்று பேச்சை மாற்றினேன். ஏசி அன்று சரியாக வேலை செய்யவில்லை. கழுத்தெல்லாம் வேர்வை. ஜிமிக்கியை ஆட்டின ஆட்டில் என் விரல் பட்டு, வலது காதுப் பொட்டு நழுவித் தட்டில் விழுந்தது. ஒரு சின்ன சத்தம்கூட இல்லை. வெல்வெட்டின் நடுவில் கல் பக்கம் கவிழ்ந்து, பசை பக்கம் மேலே தெரியக் கிடந்தது.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். அப்புறம் என் காதைப் பார்த்தார்.

“பொட்டா ஒட்டியிருக்கீங்க? காதுல ஓட்டையே காணோம்?”

“காது ஒட்டியிருக்குங்க. ஆறினதும் குத்திக்கணும். அவர் நல்லா இருக்காருங்க” என்றேன். அந்த அம்மா அதைக் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். என் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நகைக் கடையில் நின்றுகொண்டு முன்பின் தெரியாதவர்களுக்குச் சாட்சி சொல்லும்படி ஆயிற்று.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. என் கையைத் தொட்டு, “நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. நல்ல காரியம், மொதோ நகை எடுக்கறோம்...” என்று இழுத்தார். பிறகு பக்கத்தில் வளையல் கவுண்டரில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, “நீ எடுத்துக் குடும்மா” என்றார். அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். நான் தலையாட்டினேன். அவள் ஜிமிக்கியைக் காதில் மாட்டித் திரும்பியதும், நிமிர்ந்து நின்ற கல்லில் அத்தனை விளக்கும் பட்டது. அவர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த சின்ன முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பின்னால் வந்து நின்றார். “காது ஆறுற வரைக்கும் மேல இருங்கக்கா.” நான் சரி என்றேன். மாடிப்படி ஏறும்போது முழங்காலைவிட நெஞ்சுதான் வலித்தது. இதை எழுதும்போதும் வலிக்கிறது.

மாடியில் ஜன்னல் ஓரம் ஒரு மேசை, டேப், அட்டைப்பெட்டி, நீர்க்குமிழி மாதிரி காற்று அடைத்த பிளாஸ்டிக் சுருள். நாள் முழுக்க ஒரு முகமும் இல்லை. திண்டுக்கல், ஓசூர், ராஜபாளையம் என்று ஊர் பெயர்கள்தான் வந்துபோகும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று டை அடிப்பதை விட்டேன். கடலை மாவு பஜ்ஜிக்குப் போயிற்று. அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் படியில் யாராவது ஏறி வருகிற சத்தம் கேட்டால், என்னைக் கேட்டுத்தான் ஒரு பழைய வாடிக்கை வந்திருக்கிறாளோ என்று தலையைத் தூக்கிவிடுவேன். தண்ணீர் கேன் போடுகிறவராக இருக்கும்.

ஐப்பசியில், தீபாவளி முடிந்து, ஆசாரியிடம் போய்க் காது குத்திக்கொண்டேன். இந்த வயசில் காதுகுத்து. தாய்மாமன் மடி ஒன்றுதான் பாக்கி. ஆனால் சொல்ல வேண்டும், அந்த அழகு நிலையப் பெண்ணின் கை சுத்தமான கை. தழும்பே இல்லை. மடல் மெத்தென்று, நடுவில் கடுகுத் துளை, பதினெட்டு வயசுக் காது. கண்ணாடியில் என் முகத்துக்கு இரண்டு பக்கமும் யாருடைய காதோ ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. மறுநாள் டை அடித்து, தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போய் நின்றேன்.

“ஆறிருச்சு தம்பி. குத்தியும் ஆச்சு.”

அவர் பார்த்தார். “சூப்பரா இருக்குக்கா.” கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “கீழ அந்தப் பொண்ணு நல்லாப் பழகிருச்சு. இப்ப மாத்துனா நல்லா இருக்காதுக்கா. மேல உங்களை விட்டா எனக்கு ஆளில்லை.”

“ஆறுற வரைக்கும்னுதான சொன்னீங்க?”

“சொன்னேன்தான்க்கா.”

திரும்பி மாடி ஏறினேன். ஒரு மாசம் கழித்து அவரே மாடிக்கு வந்தார். ஆன்லைனில் கம்மலை அட்டையில் வைத்துப் படம் போட்டால் போகவில்லையாம், காதில் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பி உட்கார வைத்துப் போனைப் பிடித்தார்.

“முகம் விழாதுக்கா, கவலைப்படாதீங்க. காது மட்டும்தான். கழுத்தைக் கொஞ்சம் மேல தூக்குங்க, சுருக்கம் வருது. ம்... அந்தப் பக்கம் நரை தெரியுதே. காதுகிட்ட மட்டும் டை அடிச்சுக்குங்க, போதும்.”

அப்படித்தான் இப்போது செய்கிறேன். வலது காதைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் டை. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறது. இடது காதுக்கு அதே படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். ஒரு பாக்கெட்டை நான்கு தடவை வைத்துக்கொள்ளலாம். இதைவிடச் சிக்கனமான அழகு எந்த வீடியோவிலும் கிடைக்காது.

போன வாரம் அட்டைப்பெட்டி எடுக்கக் கீழே இறங்கினேன். என் பழைய கவுண்டரில் ஒரு பெண்மணி, என் வயசுதான் இருக்கும், காதுத் துளை நன்றாக இறங்கிப் போனவர், போனை நீட்டி அந்தப் பெண்ணிடம் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அடுக்கு ஜிமிக்கி. என் காது.

“இதே மாதிரிதான் வேணும். எப்படி நிக்குது பாரேன். சின்னப் புள்ளைங்க காதுல எதைப் போட்டாலும் அழகுதான். நம்மளுக்கெல்லாம் எங்க?” என்றவர், பக்கத்தில் பெட்டியோடு நின்ற என் பக்கம் திரும்பி, “என்னங்கக்கா, நான் சொல்றது சரிதான?” என்று சிரித்தார்.

கவுண்டரில் நின்ற பெண் வாயைத் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், காதைப் பார்க்கவில்லை.

“ஆமாங்க” என்றேன்.